நிலவியல் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் முறை

முதலில் ஜியோரெஃப் (GeoRef) என்ற நிலவியல் தரவுத்தளத்தைத் திறவுங்கள். வட அமெரிக்க நிலவியலுக்கு 17ஆம் நூற்றாண்டிலிருந்தும், பிற பகுதிகளுக்கு 1933இலிருந்தும் வந்த வெளியீடுகளின் விவரம் அதில் இருக்கிறது. நிலவியலில் பழைய கள விவரிப்புகள் எளிதில் காலாவதியாவதில்லை. அதனால் "கடைசி 5 ஆண்டுகள்" என்ற வடிகட்டியை எடுத்தவுடனே போடாதீர்கள்.

கேள்வியை முழு வாக்கியமாகத் தட்டாமல் பாறை, காலம், இடம், முறை என்று பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் மாற்றுச்சொற்களை "ஆர்" (OR, அல்லது) போட்டு அடைப்புக்குறிக்குள் வையுங்கள். அந்த அடைப்புக்குறிகளை "அண்ட்" (AND, மற்றும்) கொண்டு இணையுங்கள். பலர் சறுக்குவது எழுத்துக்கூட்டலில்தான். தொல்பழமையைக் குறிக்கும் "பேலியோ" என்ற ஆங்கில முன்னொட்டை அமெரிக்கர்கள் ஒரு "a" போட்டும் (paleo), பிரிட்டிஷார் இரண்டு "a" போட்டும் (palaeo) எழுதுவார்கள். ஒன்றை மட்டும் தேடினால் நல்ல கட்டுரைகள் பல கண்ணில் படாமலே போகும். பாறை அடுக்குகளின் பழைய பெயர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முடிவுகளில் மாநாட்டுச் சுருக்கங்கள் குவிந்தால், ஆவண வகையில் ஆய்விதழ்க் கட்டுரையை மட்டும் தேர்ந்தெடுங்கள். பொருத்தமான ஒரு கட்டுரை கிடைத்ததும் தரவுத்தளம் அதற்குக் கொடுத்திருக்கும் பொருட்சொற்களை (பொருளைக் குறிக்கும் சொற்களை) பார்த்து, அவற்றைக் கொண்டே மறுபடி தேடுங்கள். இது மிகவும் பலன் தரும். பிறகு ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தில் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியவர்களைப் பாருங்கள்.

முழுக் கட்டுரை திறக்கவில்லையா? பணம் கட்டாதீர்கள், நூலகங்களுக்கிடையேயான இரவல் சேவையில் கேளுங்கள்.