ஒன்பது பந்துக்கு ஐந்து பேர்: அணி தெரிவு செய்யும் முறை

கோலால் பந்தைத் தட்டி மேசைக் குழியில் விழுத்தும் இந்த ஆட்டத்தின் ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதினால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆகவே ‘ஒன்பது பந்து’ என்றே எழுதிக்கொண்டு போகிறேன். கோண்டாவிலில் என் மண்டபத்தில் இரண்டு மேசைகள் இருக்கின்றன, இரண்டும் ஒன்பது அடி. போன ஆண்டு கொழும்பிலிருந்து வந்த ஓர் அணியோடு மோத யாழ்ப்பாண அணியைத் தெரிவு செய்தவன் நான். 11–5 என்று தோற்றோம். பையன்கள் மீது குற்றமில்லை. நான் தெரிந்த விதம் பிழை. இந்த ஆண்டு மறுபடியும் தெரிய வேண்டியிருக்கிறது. ஊருக்கு அணி தெரிந்தாலும் நாட்டுக்கு அணி தெரிந்தாலும் தலையிடி ஒன்றுதான் என்பதால், நான் கற்றுக்கொண்டதை எழுதி வைக்கிறேன்.

போன ஆண்டு செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு வாரம் தனியாட்டப் போட்டி வைத்தேன். வென்றவர்களின் பெயர்களை மேலிருந்து கீழாக எழுதி, ஐந்தாவது பெயருக்குக் கீழே ஒரு கோடு போட்டேன். அவ்வளவுதான் தெரிவு. கொழும்பு அணியோடு நாங்கள் விளையாடியது மொஸ்கோனி கிண்ண முறையில். அணிக்கு ஐந்து பேர். ஒன்பதாம் பந்தை விழுத்துபவருக்கு ஒரு சுற்று, முதலில் 5 சுற்று எடுப்பவருக்கு ஓர் ஆட்டம். முதலில் 11 ஆட்டம் எடுக்கும் அணிக்கு வெற்றி. அதில் தனியாட்டமும் உண்டு, இருவர் ஆட்டமும் உண்டு. தனியாட்டத்தில் 4 எடுத்தோம். இருவர் ஆட்டத்தில் ஒன்றே ஒன்று, அதுவும் எதிராளி ஒன்பதைக் குழி வாயில் விட்டுவிட்டுப் போனதால் கிடைத்தது.

பெரிய இடத்திலும் இதே கதை நடந்திருக்கிறது. மொஸ்கோனி கிண்ணம் ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் போட்டி, 1994இல் தொடங்கியது. 2010 முதல் 2017 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து ஐரோப்பாவே வென்றது. அந்த எட்டு ஆண்டுகளிலும் அமெரிக்காவிடம் ஆள் இல்லாமல் போகவில்லை. அவர்களுடைய ஷேன் வான் போனிங் 2012, 2013, 2014, 2016 ஆகிய ஆண்டுகளில் ஒன்பது பந்து யு.எஸ். ஓப்பன் பட்டத்தை வென்றவர், 2007இலும் வென்றிருந்தார். நாட்டின் முதல் ஆள் பட்டத்தோடு நிற்க, அணி மட்டும் டிசம்பரில் வெறுங்கையோடு வீடு போனது. பிறகு, ஐரோப்பாவுக்குப் பல முறை கிண்ணம் எடுத்துக் கொடுத்த நெதர்லாந்துக்காரர் யோகான் ரொய்சிங்கையே அமெரிக்கா தன் தலைவராக்கிக்கொண்டது. முதல் ஆண்டு 11–4 என்று அடி வாங்கினார்கள். 2018இல் இலண்டனில் 11–9 என்றும் 2019இல் லாஸ் வேகாஸில் 11–8 என்றும் வென்றார்கள். வான் போனிங் அப்போதும் அணியில்தான் இருந்தார். அவரைச் சுற்றி நின்றவர்களும் அவர்களைப் பழக்கிய விதமும்தான் மாறியிருந்தன.

ஆகவே இம்முறை ஐந்து இடங்களில் மூன்றைப் புள்ளிக்குக் கொடுத்தேன். இரண்டை என் கையில் வைத்துக்கொண்டேன். மொஸ்கோனி கிண்ணத்திலும் ஒரு பகுதி தரவரிசையால் வருகிறது, மீதி தலைவரின் விருப்பத் தெரிவு. ஐந்தையும் புள்ளிக்கே விட்டால் போன ஆண்டின் கோடுதான் மறுபடி வரும். ஐந்தையும் நானே எடுத்துக்கொண்டால் ஊரில் இருக்க முடியாது.

புள்ளி எடுக்கும் ஆட்டங்களை நீளமாக வையுங்கள். ஐந்துக்கு ஆடினால் இரண்டு சுற்று அதிர்ஷ்டம் போதும், யாரும் யாரையும் வெல்லலாம். நான் ஒன்பதுக்கு வைத்தேன். எல்லோரும் எல்லோரோடும் இரண்டு தரம்: ஒரு தரம் பகலில், ஒரு தரம் இரவில், மேசையையும் மாற்றி. எங்கள் ஊரில் இது வீண் வேலையல்ல. மாரி தொடங்கினால் துணி ஈரம் குடித்து, வெள்ளைப் பந்து சேற்றில் போவதுபோலப் போகும்; கரையில் பட்டுத் திரும்பும் கோணமும் மாறிவிடும். பங்குனி வெயிலில் பழகிய கை ஐப்பசி மழையில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். இணுவில்காரர் ஒருவர் பகலில் யாருக்கும் அடங்க மாட்டார், இரவு மழையில் மூன்று ஆட்டம் தொடர்ந்து கொடுத்தார். மேசை சரியில்லை என்றார். அதே மேசையில்தான் மற்றவரும் ஆடினார்.

இனி அந்த இரண்டு இடங்கள். என் முழுக் கவனமும் அங்கேதான்.

இருவர் ஆட்டத்தில் கூட்டாளிகள் அடிக்கு அடி மாற வேண்டும். நான் ஒன்றை விழுத்தினால் அடுத்ததை அடிப்பவர் அவர். ஒன்பது பந்தில் மேசையில் இருக்கும் மிகக் குறைந்த எண்ணையே முதலில் தொட வேண்டும், ஆகவே அடுத்து எந்தப் பந்து என்பதில் தெரிவே இல்லை. வெள்ளை எங்கே போய் நிற்கிறது என்பதுதான் மிச்சம். அதை நிறுத்துபவர் ஒருவர், அங்கிருந்து அடிப்பவர் இன்னொருவர். 304 சீட்டாட்டம் விளையாடியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். கையில் நல்ல சீட்டு வந்தவன் தனியாக ஓடி, கூட்டாளியின் துரும்பைத் தானே வெட்டிவிட்டுச் சிரிப்பானே, அந்த ஆளைத்தான் நான் போன ஆண்டு ஐந்து பேரில் மூன்று தரம் தெரிந்திருந்தேன்.

சோதனை இப்படி. எட்டுப் பேரைக் கூப்பிட்டு, ஒரு மாலையில் எல்லோரையும் எல்லோரோடும் சோடி மாற்றி ஆடவிட்டேன். பேசக் கூடாது. கொப்பியில் ஒவ்வொருவருக்கும் இரண்டு நிரல் போட்டேன். முதல் நிரலில், அவர் அடித்த பந்து விழுந்ததா. இரண்டாவதில், கூட்டாளிக்கு என்ன விட்டுவைத்தார்: நல்லது, பரவாயில்லை, ஒன்றுமில்லை. வழக்கமாக நாம் எல்லோரும் முதல் நிரலை மட்டும்தான் பார்க்கிறோம், கைதட்டலும் அதற்குத்தான்.

கொக்குவில் பையன் ஒருவனுடைய ஓர் அடியைச் சொல்கிறேன். ஆறாம் பந்து மூலைக்குழிக்கு நேராக நிற்கிறது. ஏழாம் பந்து மேசையின் மறு கரையில். அவனுடைய கூட்டாளி சாவகச்சேரியில் டயர்க் கடை வைத்திருக்கும் அண்ணை, ஐம்பது தாண்டியவர், குட்டையானவர். பையன் வெள்ளையின் அடியில் தட்டிப் பின்னுக்கு இழுத்தான். அழகான அடி, ஆறு சத்தமில்லாமல் போயிற்று, வெள்ளை இரண்டு கரை தொட்டு ஏழுக்கு நேரே வந்தது. சுற்றி நின்றவர்கள் ‘ஆகா’ என்றார்கள். ஆனால் வெள்ளை கரையோடு ஒட்டி நின்றது. அண்ணைக்குக் கை எட்டவில்லை. நீட்டுக் கட்டை எடுத்து, கோலை உயர்த்திப் பிடித்து, வெள்ளையின் தலையில் அடிக்க வேண்டியதாயிற்று. ஏழு தவறியது. பையன் அவரைத் திரும்பிப் பார்த்தான். நான் கொப்பியில் எழுதியது ஏழைப் பற்றியல்ல, ஆறைப் பற்றியும் அந்தப் பார்வையைப் பற்றியும்.

அடுத்த சுற்றில் ஏறக்குறைய அதே நிலை அண்ணைக்கு வந்தது. அவர் இழுக்கவில்லை. வெள்ளையை நடுவில் மெல்ல நிறுத்திவிட்டார். ஏழுக்குத் தூரம் கூடத்தான், ஆனால் எந்தப் பக்கத்திலும் இடமிருந்தது, பையன் நின்றபடியே அடித்தான். அண்ணை அந்த மாலையில் பையனைவிடக் குறைவாகத்தான் பந்து விழுத்தினார். இரண்டாவது நிரலில் அவருக்கு ‘ஒன்றுமில்லை’ என்று நான் எழுதியது இரண்டே இடத்தில். புள்ளிப் பட்டியலில் அவர் ஏழாவது. அணியில் இருக்கிறார்.

வயதைச் சொல்லிச் சிலர் முணுமுணுத்தார்கள். இருவர் ஆட்டத்துக்கென்றே 2006இல் தொடங்கிய உலகக் கிண்ணத்தின் முதல் பட்டத்தை எடுத்தவர்கள் பிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரேயஸும் பிரான்சிஸ்கோ புஸ்தமாந்தேயும். 2009இல் அதே சோடி மறுபடி வென்றபோது ரேயஸுக்கு வயது 55. அதைச் சொன்னதும் முணுமுணுப்பு நின்றது; டயர்க் கடை அண்ணை மட்டும் தனக்கு இன்னும் நான்கு ஆண்டு இருக்கிறது என்று கணக்குப் போட்டார்.

சோடி சேர்க்கும்போது பிரேக் (சுற்றைத் தொடங்கும் முதல் அடி) யாருக்கு என்பதையும் சேர்த்து யோசியுங்கள். சோடியில் ஒருவர் பிரேக் அடித்தால் அடுத்த அடி மற்றவருடையது. பலசாலி உடைத்துவிட்டு ஒதுங்குவார், சிதறிக் கிடக்கும் மேசையைப் படிக்க வேண்டியவர் கூட்டாளி. ஒன்றாம் பந்து மறைந்திருந்தால் ‘புஷ் அவுட்’ சொல்லி வெள்ளையை வேறிடத்துக்கு நகர்த்தலாம். அங்கிருந்து எதிராளி தானே அடிக்கலாம், அல்லது நம்மிடமே திருப்பித் தரலாம். எங்கே தள்ளினால் அவருக்குக் கஷ்டமாகவும் நமக்குப் பரவாயில்லாமலும் இருக்கும் என்ற கணக்கு எல்லோருக்கும் வராது. தோள் பலமுள்ளவரோடு இந்தக் கணக்குத் தெரிந்தவரைச் சேருங்கள். இரண்டு தோளையும் ஒரு சோடியில் போட்டால் சத்தம்தான் மிஞ்சும். மொஸ்கோனி முறையில் பிரேக் மாறி மாறி வருகிறது என்பதையும் மறக்க வேண்டாம். தொடர்ந்து நான்கு சுற்றை ஒரே மூச்சில் அள்ளும் ஆளுக்கு அங்கே அந்த வசதி இல்லை.

கொழும்பில் ஸ்நூக்கர் பழகிவிட்டு வரும் பையன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் நாட்டுக்கு அந்தப் பக்கத்தில் பெரிய பரம்பரை உண்டு. 1973இல் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை எடுத்தவர் நம் எம். ஜே. எம். லாபீர். பன்னிரண்டு அடி மேசையில் பழகிய கை ஒன்பது அடி மேசையில் குறி தவறாது, மறைத்து வைப்பதும் நன்றாகத் தெரியும். ஆனால் ஸ்நூக்கரில் பந்துக்கு மேலால் தாவி அடிப்பது பிழை. இங்கே அது சட்டப்படி செல்லும், குட்டைக் கோலே அதற்கென்று இருக்கிறது. இங்கே பிழை விட்டால் எதிராளி வெள்ளையைக் கையில் தூக்கி விரும்பிய இடத்தில் வைத்துக்கொள்வான், சுற்று அநேகமாக முடிந்த மாதிரித்தான். எனவே அவர்களுக்கு நான் வைக்கும் சோதனை ஒன்றே ஒன்று: இருபது தரம் பந்தை மறைத்து வைப்பேன், எத்தனை தரம் தொடுகிறார்கள் என்று எண்ணுவேன். விழுத்த வேண்டாம், தொட்டால் போதும்.

கடிகாரம் வையுங்கள். பெரிய போட்டிகளில் ஓர் அடிக்கு 30 வினாடி, சுற்றுக்கு ஒரு தரம் மட்டும் கூடுதல் நேரம். என் மண்டபத்தில் அரை மணி நேரம் கோலுக்குச் சோக் பூசும் ஒருவர் இருந்தார், தனியாட்டத்தில் எல்லோரையும் சலிப்பாலேயே வென்றுகொண்டிருந்தார். கடிகாரம் வந்த அன்று மூன்றாவது சுற்றிலேயே வியர்த்துவிட்டார்.

கதிரையையும் பாருங்கள். எதிராளி ஆடும்போது நம் ஆள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சில வேளை இருபது நிமிடம் கோலைத் தொடவே முடியாது. அந்த இருபது நிமிடம் கைபேசியை நோண்டுகிறவர் எழுந்து வந்து அடிக்கும் முதல் அடி எப்படியிருக்கும் என்று நான் எழுதி வைத்திருக்கிறேன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு தங்கச்சி தன் அண்ணனோடு வந்து பழகுகிறார். கதிரையில் இருக்கும்போதும் அவருடைய கண் வெள்ளையை விட்டுப் போகாது. எழுந்தவுடனே மறைத்து வைத்துவிட்டுத் திரும்பவும் உட்கார்ந்துவிடுவார், எதிராளி பத்து நிமிடம் தடுமாறுவார். என் இரண்டாவது விருப்பத் தெரிவு அவர். அண்ணனுக்கு இடமில்லை, அதைச் சொல்வதற்கு முன்பே அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டார்.

இனித் தொலைபேசி. எட்டுப் பேர் ஐந்தாகப் போகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து அழைப்பு வரும். ஒருவருடைய பெரியப்பா, ஒருவருடைய பாடசாலைப் பழைய மாணவர், ஒருவருக்குக் கனடாவிலிருந்து மாமா. எங்கள் ஊர்ப் பையன் ஒருவனாவது வேண்டாமா என்று கேட்பார்கள். எல்லோருக்கும் ஒரே பதில் வைத்திருங்கள்: கொப்பி மண்டபத்தில் இருக்கிறது, வந்து பாருங்கள். வந்தவர் ஒருவர்தான், அவரும் பிளேன்ரீ குடித்துவிட்டுப் போனார்.

என் சொந்த மருமகன் புள்ளியில் நான்காவதாக வந்தான். அக்கா ஒரு கிழமை என்னோடு பேசவில்லை. ஆனால் இரண்டாவது நிரலில் அவன் கொக்குவில் பையனைவிட மோசம், கூட்டாளிக்கு வைத்ததெல்லாம் கரைப் பந்து. கொக்குவில் பையன் புள்ளியில் முதலாவது, அவனை எடுக்காமல் இருக்க எனக்கு உரிமையில்லை. மருமகனை எடுக்க உரிமையிருந்தது, காரணம் இல்லை.

பட்டியலைச் சுவரில் ஒட்டுவதற்கு முன் விடுபட்ட மூன்று பேரையும் தனித்தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள், கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு. எந்த மாலை, எந்தப் பந்து என்று காட்டுங்கள். இணுவில்காரர் மழை இரவின் மூன்று ஆட்டத்தையும் பார்த்துவிட்டு, அடுத்த மாரியில் வந்து இரவில் பழகுவதாகச் சொன்னார். மருமகன் கொப்பியைக் கையில் வாங்கி, தன் பக்கத்தை விட்டுவிட்டு டயர்க் கடை அண்ணையின் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நீட்டுக் கட்டையை எடுத்துக்கொண்டு இரண்டாவது மேசைக்குப் போனான். கொழும்பு பஸ்ஸில் ஆறாவது இருக்கை ஒன்று மேலதிக ஆளுக்கென்று போட்டிருக்கிறேன். அதில் யார் பெயரென்று இன்னும் எழுதவில்லை.