முதலில் நிறுத்தக் கற்றுக்கொள்ளுங்கள்: தர்மபுரி, கிருஷ்ணகிரி சாலைகளில் பைக் ஓட்டுவோருக்கு

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பைக் ஓட்டுபவர் ஒரே காலைப் பொழுதில் மூன்று நான்கு விதமான சாலைகளைக் கடந்துவிடுகிறார். ஊரைவிட்டுக் கிளம்பும்போது ஒற்றை வழித் தார்ச்சாலை, பாலக்கோட்டிலோ காவேரிப்பட்டணத்திலோ பேருந்து நிலையத்து நெரிசல், அதைத் தாண்டினால் சேலத்தையும் பெங்களூரையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. சென்னையிலிருந்து வரும் 48ஆம் எண் சாலையும் கிருஷ்ணகிரியில் அதனோடு சேர்ந்துகொள்வதால், வடக்கிலிருந்து தெற்கே போகும் சரக்கு லாரிகளில் பெரும்பகுதி நம் வாசல் வழியாகவே போகிறது. இப்படிப்பட்ட இடத்தில் புதிதாக ஓட்ட வருபவரும், பல ஆண்டுகளாக ஓட்டுபவரும் முதலில் கைவரப் பெற வேண்டிய திறமை வண்டியை நிறுத்துவதுதான் என்பது என் உறுதியான கருத்து. வேகமாக ஓட்டுவதற்கு யாரும் யாருக்கும் கற்றுத்தர வேண்டியதில்லை.

உரிமம் பெறும் முறை பலருக்கும் தெரிந்ததே. கியர் வண்டிக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். எல்எல்ஆர் எனப்படும் பழகுநர் உரிமம் எடுத்து 30 நாள் கழித்துத் தேர்வுக்குப் போகலாம். அந்த எல்எல்ஆர் ஆறு மாதம் செல்லும். தேர்வில் எட்டு போட்டுக் காட்டிவிட்டால் ஓட்டத் தெரியும் என்று வீட்டாரும் நம்பிவிடுகிறார்கள். எட்டு போடுவதில் தெரிவது மெதுவாகப் போகும்போது உள்ள சமநிலை மட்டுமே. எதிரே ஆடு குறுக்கிட்டால் இந்தப் பிள்ளை என்ன செய்வான் என்பது அந்த எட்டில் தெரியாது. அதை நாம்தான் தனியாகப் பழக்க வேண்டும்.

பழகுவதற்கு ஆள் நடமாட்டமில்லாத, மணல் படியாத தார்ச்சாலைத் துண்டு ஒன்று போதும். ஹெல்மெட்டும் ஷூவும் அணிந்து, மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் வந்து, முன்பே குறித்துவைத்த கோட்டில் நிறுத்திப் பாருங்கள். இரண்டு பிரேக்குகளையும் சேர்த்தே பிடிக்க வேண்டும். பிரேக் பிடித்தவுடன் வண்டியின் பாரம் முன்சக்கரத்துக்கு நகர்வதால், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன்பிரேக்தான் செய்கிறது. முன்பிரேக்கைத் தொட்டால் குப்புற விழுந்துவிடுவோம் என்று ஊரில் சொல்லிக்கொடுப்பது, வெடுக்கென்று பிடிப்பவருக்கு மட்டுமே பொருந்தும். எலுமிச்சம்பழத்தைப் பிழிவதுபோலத் தொடக்கத்தில் மெல்லவும், பாரம் முன்னே வந்ததும் அழுத்தமாகவும் பிடித்தால் வண்டி நேராகவே நிற்கும். கிளட்சைக் கடைசியில், எஞ்சின் திணறும் நேரத்தில் பிடித்தால் போதும். பார்வை முன்சக்கரத்தின் மேல் விழாமல் தொலைவில் இருக்கட்டும். சக்கரம் நின்று வழுக்குவதாக உணர்ந்தால் ஒரு கணம் விட்டு மறுபடியும் பிடிக்க வேண்டும். சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டியில் லிவர் துடிப்பதைக் கண்டு பயந்து விட்டுவிடாமல், அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். 20 கி.மீ. கைவந்த பிறகு 30, அதன் பிறகு 40 என்று போகலாம்.

இந்தப் பயிற்சி எதற்கு என்று கேட்பவர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். மணிக்கு 60 கி.மீ. என்பது நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர். கண்ணில் பட்ட ஆபத்து மூளைக்குப் போய், கை பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே அந்தத் தூரம் கடந்துவிடுகிறது; வண்டி நிற்கும் தூரம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். புதியவர்கள் முதல் சில மாதங்களுக்கு ஊர்ச் சாலைகளிலும் டவுனிலும் மட்டும் ஓட்டிவிட்டு, நிறுத்தும் தூரத்தைத் தாமே கண்ணால் மதிப்பிடத் தெரிந்த பிறகு நெடுஞ்சாலைக்குப் போவது நல்லது.

ஊர்ச் சாலை எளிது என்று நினைத்துவிட வேண்டாம். அறுவடைக் காலத்தில் கேழ்வரகுக் கதிரையும் கொள்ளுச் செடியையும் தார்ச்சாலையில் பரப்பி, போகிற வண்டிகளின் சக்கரத்திலேயே தாள் மிதிபட விடுவது நம் பக்கத்து வழக்கம். அதன்மேல் பைக் ஏறும்போது டயர் தாருடன் தொடர்பிழந்து, உருளும் தானியத்தின்மேல் மிதக்கிறது. அங்கே பிரேக் பிடிக்கவும் கூடாது, ஹேண்டிலைத் திருப்பவும் கூடாது. ஏறுவதற்கு முன்பே வேகத்தை நன்றாகக் குறைத்து, ஆக்சிலரேட்டரைச் சீராக வைத்து, நேர்க்கோட்டில் கடந்து போக வேண்டும். தாளைவிட ஆபத்தானது அதைச் சுற்றி வரிசையாக வைக்கப்படும் கற்கள். தானியத்தை மாலையில் வாரிக்கொண்டு போன பிறகும் அந்தக் கற்கள் சில நேரம் சாலையிலேயே கிடக்கும். இருட்டில், எதிர்வண்டியின் வெளிச்சத்தில், தலையளவு கல்கூடக் கண்ணுக்குத் தெரியாது. களம் இல்லாத விவசாயிக்கு வேறு வழியில்லை என்பதை நான் அறிவேன். ஆனாலும் கற்களையாவது இருட்டுவதற்கு முன் ஓரத்தில் தள்ளிவிடும்படி நம் ஊர்க்காரர்களிடம் நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். கரும்பு வெட்டும் பருவத்தில் பாலக்கோடு ஆலைப் பக்கம் பின்விளக்கு இல்லாத டிராக்டர்கள் இரவில் போகும். விளக்கொளியில் எவ்வளவு தூரம் தெரிகிறதோ அவ்வளவு தூரத்துக்குள் நிற்கக்கூடிய வேகம் மட்டுமே இரவுக்குரிய வேகம்.

நெடுஞ்சாலைக்கு வருவோம். லாரிக்குப் பின்னால் போகும்போது அதன் பக்கக் கண்ணாடியில் டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லையென்றால், அவருக்கு நீங்கள் இருப்பதே தெரியாது. லாரியின் இடப்பக்கமாகப் புகுந்து முந்துவதைப் போன்ற தவறு வேறில்லை, ஏனென்றால் அவர் சர்வீஸ் ரோட்டுக்கோ டீக்கடைக்கோ ஒதுங்கும் பக்கம் அதுதான். வலப்பக்கம் முந்தும்போது லாரியின் மூக்கைத் தாண்டும் நொடியில் காற்று மோதி வண்டி அசையும். ஹேண்டிலை இறுக்காமல், முழங்காலால் டேங்க்கை அணைத்துக்கொண்டால் வண்டி தானே நிமிர்ந்துவிடும். சுங்கச்சாவடிகளில் இருசக்கர வண்டிகளுக்கு இடது ஓரத்தில் வழி இருக்கும். லாரிகள் நின்று நின்று கிளம்பும் இடங்களில் தார்மேல் ஆயில் சொட்டியிருக்கும் என்பதால் மழை தொடங்கிய வேளையில் அங்கே மெதுவாகவே போக வேண்டும். யூ-டர்ன் தூரமாக இருக்கிறது என்பதற்காக எதிர்த்திசையில் ஓட்டி வருவதற்கு எந்தக் காரணமும் போதாது.

இனி தொப்பூர் கணவாய். தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கிப் போகும்போது பாளையம் சுங்கச்சாவடியைத் தாண்டிய பின் கட்டமேடு, இரட்டைப்பாலம் என்று நீளும் இறக்கத்தில் நடந்த விபத்துகளைப் பற்றி இந்தப் பகுதியில் கேள்விப்படாதவர் இருக்க முடியாது. பாரம் ஏற்றிய லாரி நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி, உராய்வு குறைந்து, மிதித்தும் பிடிக்காத நிலை வருகிறது. அப்படிப்பட்ட லாரியின் முன்னால் இருப்பது பைக்காகவும் இருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது.

ஆகவே இறக்கம் தொடங்குவதற்கு முன்பே மூன்றாவது கியருக்கோ, தேவைப்பட்டால் இரண்டாவதுக்கோ வந்து, எஞ்சின் இழுவையே வேகத்தைப் பிடித்துவைக்கும்படி இறங்குங்கள். பிரேக்கைத் தேவைக்கு மட்டும், விட்டு விட்டுப் பிடியுங்கள். பின்பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்கினால் லாரிக்கு நேர்வது உங்கள் வண்டிக்கும் நேரும். இரண்டு லாரிகளுக்கு இடையில் சிக்கிக்கொள்ளாமல், பின்னால் வருவது எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைக் கண்ணாடியில் அடிக்கடி பாருங்கள். பிரேக் கருகும் நெடி மூக்கில் பட்டால், அருகில் ஒரு வண்டி தடுமாறுகிறது என்று பொருள். இண்டிகேட்டர் போட்டு இடது ஓரம் ஒதுங்கி அதைப் போகவிடுங்கள். வளைவில் வண்டியை நிறுத்திப் போன் பேசுவது வேண்டவே வேண்டாம்.

பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் போட்டு, எஞ்சினையும் அணைத்துவிட்டு இறங்கும் பழக்கம் அனுபவமுள்ளவர்களிடமே அதிகம் காணப்படுகிறது. இதைக் கடுமையாகவே கண்டிக்க வேண்டியிருக்கிறது. எஞ்சின் இழுவை போய்விடுகிறது, முழுப் பாரமும் பிரேக்கின்மேல் விழுகிறது, பல வண்டிகளில் விளக்கும் ஹாரனும் இல்லாமல் போகின்றன. சாவி தவறுதலாக அழுந்தித் திரும்பினால் ஹேண்டில் பூட்டிக்கொள்ளவும் வாய்ப்புண்டு. மிச்சமாகும் பெட்ரோல் ஒரு டீயின் விலைகூட இருக்காது.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல் போகிறவர்களும், சானமாவு காட்டுப் பக்கம் போகிறவர்களும் யானையை மனத்தில் வைத்துத்தான் கிளம்ப வேண்டும். கேழ்வரகு முற்றும் பருவத்தில் பன்னேருகட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் இந்தப் பக்கம் இறங்கும். பெட்ரோலைத் தேன்கனிக்கோட்டையிலேயே நிரப்பிக்கொண்டு, இருட்டுவதற்கு முன் காட்டைக் கடந்துவிடும்படி நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். சாலையில் யானை நின்றால் ஹாரன் அடிக்காமல், தொலைவிலேயே நின்று, வண்டியைத் திருப்பிவைத்துக்கொண்டு, அது போகும்வரை காத்திருக்க வேண்டும். ஒன்று கடந்துவிட்டது என்று உடனே கிளம்பாதீர்கள். பின்னால் குட்டியோடு இன்னொன்று வரக்கூடும்.

வண்டிப் பராமரிப்பில் மெக்கானிக்கை நம்பலாம், ஆனால் டயரும் செயினும் ஓட்டுபவரின் பொறுப்பு. காற்றை வாரம் ஒருமுறை, டயர் சூடேறுவதற்கு முன், கையேட்டில் சொன்ன அளவுக்குப் பிடிக்க வேண்டும். மொட்டை டயரோடு மழைக்காலத்தைக் கடத்தப் பார்க்காதீர்கள். திறந்த செயின் உள்ள வண்டியில், எஞ்சினை அணைத்த பிறகு, செயினின் கீழ்ப்பகுதியை நடுவில் விரலால் மேலே தூக்கிப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் இரண்டு முதல் மூன்று செ.மீ. ஆட்டம் இருப்பது சரியான அளவு. நம் ஊர்ச் செம்மண் புழுதியும் கேழ்வரகு உமியும் ஆயிலோடு சேர்ந்து பசைபோலப் படிந்துவிடுவதால், முதலில் துணியால் துடைத்து, பிறகு சக்கரத்தைக் கையால் சுழற்றியபடி செயினின் உள்பக்கம் செயினுக்கான மசகு எண்ணெய் தடவ வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஒருபோதும் செயினைத் தொடாதீர்கள், விரல் போய்விடும்.

ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும், வாரைக் கட்டியிருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும், பின்னால் உட்காருபவருக்கும் சேர்த்தே, ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஓட்டுபவருக்கு ஹெல்மெட் வாங்கும் குடும்பம் பின்னால் அமரும் தாய்க்கும் மனைவிக்கும் ஒன்று வாங்குவதில்லை என்பதைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்காதபடி இடுப்பில் செருகிக்கொள்ளச் சொல்வதும் ஓட்டுபவரின் வேலையே.

விபத்தைக் கண்டால் முதலில் உங்கள் வண்டியை ஓரங்கட்டி, பின்னால் வரும் வண்டிகளுக்கு ஒருவர் கைகாட்ட ஏற்பாடு செய்யுங்கள். 108-ஐ அழையுங்கள், தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் 1033-யும் உண்டு. மூச்சுத் தடைப்பட்டால் தவிர விழுந்தவரின் ஹெல்மெட்டைக் கழற்றவோ, அவரைத் தூக்கி உட்காரவைக்கவோ, தண்ணீர் கொடுக்கவோ வேண்டாம். உதவி செய்பவரைத் தம் பெயரையும் முகவரியையும் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று அதே சட்டத்தின் 134ஏ பிரிவின்கீழ் வகுக்கப்பட்ட விதிகள் சொல்வதால், போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைய நேருமோ என்று தயங்க வேண்டியதில்லை. மருத்துவமனையில் சேர்க்கும்போது, 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் அந்த மருத்துவமனை சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். திட்டத்தில் இணைந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைத் திட்டத்தின் வரம்புக்குள் அரசே ஏற்கிறது.