‘பார்த்துப் போட்டுவிடுங்க சார்’ என்று கேட்டால்

“எல்லாரும் பாஸ், இவன் ஒருத்தன்தானே சார், பார்த்துப் போட்டுவிடுங்க.” வயரிங் சொல்லிக்கொடுக்கும் யாருக்கும் இந்தக் குரல் புதிதல்ல. ரிசல்ட் போடும் நாளில் உட்கார்ந்து மறுத்தால் பிடிவாதக்காரர் என்ற பெயர்தான் மிஞ்சும். வேலையை முதல் வாரத்திலேயே தொடங்குங்கள்.

எதில் விட்டுக்கொடுக்கவே மாட்டீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். என் தாளில் நான்குதான். கரண்ட் இல்லை என்று சொல்லும் முன் டெஸ்டரைக் கரண்ட் உள்ள இடத்தில் வைத்துப் பார்த்து, அப்புறம் வேலை செய்யும் இடத்தில் வைத்து, மறுபடி கரண்ட் உள்ள இடத்தில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். ஸ்விட்ச் ஃபேஸில், அதாவது கரண்ட் வரும் ஒயரில், இருக்க வேண்டும். எர்த் எங்கும் அறுபடக் கூடாது. 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) ஒயரின் இன்சுலேஷன் 1 மெகா ஓமுக்குக் கீழே இறங்கக் கூடாது. மற்றபடி பைப் கொஞ்சம் கோணலா, கை மெதுவா, மார்க்கைத் தாராளமாகப் போடுங்கள். அங்கே கஞ்சத்தனம் காட்டுகிறவர் பேச்சு இங்கே எடுபடாது.

தப்பு நடந்த அன்றே தேதி போட்டு எழுதி, மாணவனிடம் கையெழுத்து வாங்குங்கள். “கவனம் போதாது” என்று எழுதி ஒரு பயனும் இல்லை. “ஸ்விட்சை நியூட்ரலில் (கரண்ட் திரும்பும் ஒயரில்) கொடுத்தான், மூன்றாவது முறை” என்று எழுதுங்கள்.

அப்படியும் நெருக்குவார்கள். அப்போது பையனைப் பற்றிப் பேசாதீர்கள், அவன் செய்த போர்டைக் காட்டுங்கள். ஒருமுறை, ஸ்விட்சை நியூட்ரலில் கொடுத்திருந்த ஒரு போர்டில், எங்கள் மேலதிகாரி ஸ்விட்சை இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, “எரியுது, அணையுது, வேறென்ன வேணும்?” என்றார். நான் ஸ்விட்சை அணைத்து, பல்பைக் கழற்றி, ஹோல்டர் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டரை வைத்தேன். முழு வோல்டேஜ் காட்டியது. அணைத்துவிட்டோம் என்று நம்பி பல்பு மாற்றுகிறவர் கை வைக்கும் இடம் அது. அவர் மீட்டரைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், பேச்சை மாற்றினார். அதனால் தோற்ற போர்டை உடனே பிரித்துவிடாதீர்கள். இரண்டு வாரமாவது சுவரில் இருக்கட்டும்.

அதற்கும் மசியவில்லையா? குரலை உயர்த்தாமல், “சரி சார், எழுத்தில் கொடுங்க, ஃபைலில் வைக்கிறேன்” என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அந்தத் தாள் வராது. வந்தாலும் மார்க் ஷீட்டில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, சொன்னவரே போடட்டும். நானும் ஒருமுறை வாய்ப்பேச்சை நம்பி பாஸ் மார்க் போட்டவன்தான். சொன்னவர் பெயர் எந்தத் தாளிலும் இல்லை, என் கையெழுத்து மட்டும் இருக்கிறது.

வெறும் “முடியாது” என்று மட்டும் நிற்காதீர்கள். பயிற்சி நிலையத்துக்கும் தேர்ச்சிக் கணக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் இருக்கிறது. மறுதேர்வுத் தேதியை நீங்களே கையோடு கொண்டுபோங்கள். தோற்ற பகுதிக்கு மட்டும் பத்து நாள் பயிற்சி, தேர்வை வேறொரு ஆசிரியர் நடத்தட்டும். பையனிடம் இதை முதலில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான், அலுவலகம் அல்ல. அவன் போர்டுக்கு முன்னாலேயே நிறுத்தி, மீட்டரை அவன் கையில் கொடுத்துச் சொல்லுங்கள்.