கிறிஸ்துமஸ் உதவி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிறு திருப்பலி முடிந்ததும் எங்கள் பங்குக் கோயில் இளைஞர்கள் ஏழைக் குடும்பங்களுக்கான கிறிஸ்துமஸ் உதவிக்காகக் கூடினார்கள். நல்ல பிள்ளைகள். ஆனால் அரிசிக்கு முன்பே பேனருக்கு ஆர்டர் கொடுத்திருந்தார்கள். இருபது வருடங்களுக்கு முன் நானும் அதைத்தான் செய்தேன். அதனால்தான் எழுதுகிறேன். கணக்கு எழுதுங்கள், ரசீது வையுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

மேடைக்குக் கூப்பிட்டுக் கொடுப்பது

அந்த வருடம் கிறிஸ்துமஸ் திருப்பலி முடிந்த கையோடு நாற்பது பேரை மைக்கில் பெயர் சொல்லி அழைத்தோம். ஐந்து கிலோ அரிசி, ஒரு சேலை. கணவரை இழந்த ஓர் அக்கா, முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு வந்தார். கேமரா என் கையில். "அக்கா, முந்தானையைக் கொஞ்சம் எடுங்க, முகம் தெரியல" என்றேன். எடுத்தார். அவருடைய மகளின் வகுப்புத் தோழிகள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. அப்புறம் அந்தப் பிள்ளை மறைக்கல்விக்கு வரவே இல்லை. அக்காவும் காலை ஐந்தரை மணித் திருப்பலிக்கு மாறிவிட்டார். கடைசித் தூணோரம் நின்று, முடிந்ததும் யாரிடமும் பேசாமல் போய்விடுவார். அரிசி ஒரு வாரத்தில் தீர்ந்திருக்கும்.

இன்றும் எங்காவது இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. படம் போட்டால்தான் பணம் தருபவர்கள் நம்புவார்கள் என்கிறார்கள். சரி, பில்லைக் காட்டுங்கள், அரிசி மூட்டையைப் படம் எடுங்கள். முகம் எதற்கு? விவிலியத்தில் வரும் கொரிந்துச் சபையில் வசதியானவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட, மற்றவர்கள் பசியோடு இருந்தார்கள். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று பவுல் கேட்டது, ஆண்டவருடைய விருந்தான நற்கருணையைப் பற்றிப் பேசும்போதுதான் (1 கொரிந்தியர் 11). நாங்கள் வெட்கப்படுத்தியதும் நற்கருணை வாங்கிய அரை மணி நேரத்துக்குள். பழைய ஏற்பாட்டில் இணைச்சட்டம் 24ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். கடன் கொடுத்தவன்கூட அடகுப் பொருளை எடுக்க வீட்டுக்குள் நுழையக் கூடாது. வெளியே நிற்க வேண்டும்.

1833இல் பாரிஸில் பிரெடெரிக் ஓசானாம் என்ற மாணவர் நண்பர்களோடு சேர்ந்து, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கியபோது அவருக்கு வயது 20. ஏழைகளை வரவழைக்காமல் அவர்கள் வீடு தேடிப் போனார்கள். எங்கள் குழுவும் இப்போது அப்படித்தான். இருட்டின பிறகு, இரண்டு பேராக, சாதாரண மஞ்சப்பையோடு. வாசலில் நின்று கூப்பிடுவோம். உள்ளே வரச் சொல்லி டீ கொடுத்தால் உட்கார்ந்து குடிப்போம்.

கேட்காமல் வாங்கிப் போவது

தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி 2011 முதல் இலவசம். ஒரு வீட்டில் நாங்கள் கொடுத்த மூட்டை பிரிக்காமலேயே வண்டு பிடித்துக் கிடந்தது. அந்தப் பெரியவருக்குத் தேவைப்பட்டது டயாலிசிஸுக்குப் போய்வர ஆட்டோ காசு.

பழைய துணி

நீங்கள் உடுத்த மாட்டீர்கள் என்றால் கொடுக்காதீர்கள்.

"கோயிலுக்கு வர்றாரா?"

கேட்காதீர்கள்.

டிசம்பரோடு முடித்துக்கொள்வது

பள்ளி திறப்பது ஜூனில். நோட்டு, ஷூ, மூத்த பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் என்று எல்லாம் ஒரே மாதத்தில் வரும். வசூலில் பாதியை இப்போதே தனியாக எடுத்து வையுங்கள். அந்த பேனர் ஆர்டரை ரத்து செய்தால் இரண்டு பிள்ளைகளுக்கு ஷூ வாங்கலாம்.