அடுத்த தொற்று வர்றதுக்குள்ள: களத்துல நிக்கிறவங்களுக்கு சம்பளம் தேதிக்கு போய்ச் சேர என்னென்ன ஏற்பாடு பண்ணணும்

மும்பை தாராவில 2020 ஏப்ரல் 1ஆம் தேதி முதல் கொரோனா கேஸ் வந்தப்ப எங்க சங்கத்து ரூம்ல உக்காந்து பேசினது எல்லாமே அரிசி, பருப்பு, மாஸ்க், சானிடைசர் பத்திதான். வீடு வீடா போய் ஜுரம் பாக்குற பசங்களுக்கும் பொது கக்கூஸ் கழுவுறவங்களுக்கும் யாரு, எப்ப, எவ்வளவு காசு குடுக்கப் போறாங்கன்னு ஒருத்தரும் கேக்கல, நானும் கேக்கல. மே மாசம் ஒருநாள் காலைல எங்க பக்கத்து கக்கூஸ்ல வேலை பாக்குற அக்காங்க யாருமே வரல. என்னன்னு வீட்டுக்குப் போய் கேட்டா காண்ட்ராக்டர் ரெண்டு மாசமா காசே தரலையாம். அந்த ஒரு கக்கூஸத்தான் சுத்தி இருக்கிற சந்துங்க எல்லாம் நம்பி இருக்கு, அத ஒருநாள் கழுவலன்னா நோய் எவ்வளவு தூரம் போகும்னு யோசிச்சுப் பாருங்க. அன்னிக்குதான் புரிஞ்சுது, இவங்களுக்கு சம்பளம் போய்ச் சேர்றதும் மருந்து மாதிரிதான்.

இத எழுதுறது சின்ன சங்கம், மித்ர மண்டல் (ஏரியா பசங்க நடத்துற மன்றம்), மகளிர் குழு நடத்துறவங்களுக்காக. மும்பைல இருந்தாலும் சரி, வேற எங்க இருந்தாலும் சரி.

முதல்ல ஒரு வெளிநாட்டு விஷயம் சொல்லிடறேன், ஏன்னா வார்டு ஆபீஸ்ல பேசுறப்ப இது ரொம்ப உதவும். மேற்கு ஆப்பிரிக்கால 2014ல இருந்து 2016 வரைக்கும் எபோலா வந்து 11,300 பேருக்கு மேல இறந்துபோனாங்க. அதுல சியரா லியோன்ல, 2014 நவம்பர்ல கெனிமாங்கிற ஊர்ல, பிணங்கள அடக்கம் பண்ற டீம்ல இருந்தவங்க பேசின ரிஸ்க் அலவன்ஸ் பல வாரமா வரலன்னு பிணங்கள ஆஸ்பத்திரி வாசல்லயே விட்டுட்டுப் போய்ட்டாங்க. எபோலா பிணத்த தொட்டாலே பரவுற நோய். அதுக்கப்புறம் அரசாங்கம், ஐநா வளர்ச்சித் திட்டம், உலக வங்கி, மொபைல் மணி கம்பெனிங்க எல்லாரும் சேந்து ஒரே லிஸ்ட் போட்டு, யாரு யாருன்னு போட்டோ வச்சு சரிபாத்து, போன் வழியா காசு அனுப்ப ஆரம்பிச்சாங்க. முன்னாடி ஒரு மாசத்துக்கு மேல இழுத்த பேமென்ட் ஒரு வாரத்துல போய்ச் சேந்துச்சு, மாசத்துக்கு சராசரியா 8 ஸ்ட்ரைக் நடந்தது கிட்டத்தட்ட நின்னே போச்சு. ஒரே ஆளுக்கு ரெண்டு தடவ போறது, இல்லாத ஆள் பேர்ல போறது எல்லாம் குறைஞ்சு, மொத்தத்துல 1 கோடி டாலருக்கு மேல மிச்சம்னு பின்னாடி வந்த ஆய்வு சொல்லுது. அவ்வளவு ஏழை நாட்டுல இத்தன பேர் ஒண்ணா உக்காந்து முடிச்சிருக்காங்கன்னா நம்ம வார்டுல முடியாதா என்ன.

யார் யார உக்கார வைக்கணும்

வார்டோட ஹெல்த் ஆபீசர், ஆள் சப்ளை பண்ற காண்ட்ராக்டர், நன்கொடை தர்ற கம்பெனி இல்லன்னா டிரஸ்ட், பக்கத்து பேங்க் கிளை, ஏரியா டாக்டர் ஒருத்தர் (தாராவில தனியார் டாக்டர்ங்க வீடு வீடா போய் பாத்ததாலதான் ஜனங்க கதவையே திறந்தாங்க), அப்புறம் கண்டிப்பா வேலை பாக்குறவங்கள்ல ரெண்டு பேர். இந்தக் கடைசி ரெண்டு பேர விட்டுட்டு கூட்டம் போடாதீங்க. நாங்க விட்டுட்டு போட்டோம், அந்தக் கூட்டத்துல முடிவு பண்ண சம்பளத் தேதி எதுவும் நடைமுறைக்கு வரல.

கூட்டத்துல பேச வேண்டியது அஞ்சே விஷயம்தான். லிஸ்ட் யார்கிட்ட இருக்கும், ஹாஜிரி (வருகைப் பதிவு) யாரு போடுவாங்க, காசு யாரு அனுப்புவாங்க, எந்தத் தேதிக்கு, வரலன்னா யாருக்கு போன் பண்ணணும். ஒரு பக்கத்துல எழுதி எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்குங்க. ஹாஜிரி போடுறவங்களும் காசு அனுப்புறவங்களும் ஒரே ஆளா இருக்கவே கூடாது, எவ்வளவு நல்ல மனுஷரா இருந்தாலும் சரி.

காண்ட்ராக்டர் தரலன்னா எங்களுக்கு சம்பந்தமில்லன்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு சம்பளம் வரலன்னா வேலைய வாங்கிக்கிற முதன்மை நிர்வாகம்தான் குடுக்கணும், அப்புறம் காண்ட்ராக்டர்கிட்ட பிடிச்சுக்கணும்னு 1970 காண்ட்ராக்ட் தொழிலாளர் சட்டத்துலயே இருந்துச்சு, 2025 நவம்பர்ல அமலுக்கு வந்த புது லேபர் கோடுலயும் இருக்கு. மாச சம்பளம்னா அடுத்த மாசம் 7ஆம் தேதிக்குள்ள குடுத்துடணும். சண்டையா சொல்லாம அந்த ஒரு பக்க பேப்பர்லயே ஒரு வரியா எழுதிடுங்க.

லிஸ்ட், இதுலதான் பாதி காசு மாட்டிக்கும்

மும்பை தமிழாளுங்களுக்கு பேரே ஒரு பிரச்சனை. இங்க எந்த ஃபார்ம எடுத்தாலும் பேர், அப்பா பேர், சர்நேம்னு மூணு கட்டம் இருக்கும், நமக்கு சர்நேமே கிடையாது. ஆதார்ல முருகன் சுடலைமுத்து, பாஸ்புக்ல எஸ். முருகன், ரேஷன் கார்டுல சர்நேம் இடத்துல நாடார்னோ தேவேந்திரன்னோ யாரோ எழுதி வச்சிருப்பாங்க. மூணும் ஒரே ஆள்தான், ஆனா கம்ப்யூட்டருக்கு மூணு பேர். அதனால பாஸ்புக்ல இருக்கிற எழுத்துப்படியே பேர எழுதுங்க, ஆதார் பேர பக்கத்துல தனியா எழுதுங்க, கூப்பிடுற பேரையும் எழுதுங்க, ஏன்னா ஹாஜிரி புக்ல அந்தப் பேர்தான் இருக்கும்.

அடுத்தது அக்கவுண்ட். ஆதார் வழியா அனுப்புற காசு கடைசியா எந்த பேங்க்ல ஆதார லிங்க் பண்ணீங்களோ அங்கதான் போகும், நீங்க எழுதிக்குடுத்த நம்பருக்கு இல்ல. எங்க லிஸ்ட்ல ஒரு அக்காவுக்கு மூணு மாசக் காசு திருநெல்வேலி பக்கம் ஊர்ல இருக்கிற அக்கவுண்டுக்கு போய்ட்டே இருந்துச்சு, பாஸ்புக் மாமியார்கிட்ட, இங்க அந்தக்கா காசே வரலன்னு அழுதுட்டு இருக்காங்க. பேப்பர் எதுவும் குடுக்காம திறந்த சின்ன அக்கவுண்டுன்னா அதுல 50,000 ரூபாய்க்கு மேல இருக்கக் கூடாது, மாசத்துக்கு 10,000க்கு மேல எடுக்க முடியாது, அத முன்கூட்டியே கேஒய்சி (அடையாள, முகவரி பேப்பர்) குடுத்து சாதா அக்கவுண்டா மாத்திடுங்க. ரெண்டு வருஷமா போடாம எடுக்காம கிடந்தா அக்கவுண்ட் முடங்கிடும். பழைய விஜயா பேங்க், தேனா பேங்க், சிண்டிகேட் பேங்க் பாஸ்புக் வச்சிருந்தா ஐஎஃப்எஸ்சி நம்பர் (பேங்க் கிளையோட கோடு) மாறிடுச்சு, புதுச பாத்து எழுதுங்க. இதெல்லாம் சரியான்னு பாக்க ஒரே வழி, எல்லாருக்கும் ஒரு ரூபா அனுப்பி, வந்துச்சான்னு அவங்க வாயால கேக்குறதுதான்.

பொம்பளைங்க காசு அவங்க பேர்ல இருக்கிற அக்கவுண்டுக்கே போகட்டும். வீட்டுக்காரர் நம்பர குடுக்குறேன்னு சொன்னா ஒரு நாள் ஒதுக்கி கூடவே பேங்க்குக்கு போய் திறந்து குடுங்க. நோய்க்கு முன்னாடி நிக்கிறது அந்தப் பொண்ணு.

கம்பெனி காசு வாங்குறப்ப

லாபத்துல 2 சதவீதம் சமூகத்துக்கு செலவு பண்ணணும்ங்கிற சிஎஸ்ஆர் சட்டத்துல பேரிடர் நிவாரணமும் வருது. ஆனா வாங்குற அமைப்பு சிஎஸ்ஆர்-1 ஃபார்ம்ல பதிவு பண்ணிருக்கணும், 2021 ஏப்ரல்ல இருந்து அது கட்டாயம், அதனால சின்ன சங்கம்னா பதிவு இருக்கிற டிரஸ்டோட முன்னாடியே கை கோத்துக்கங்க. கம்பெனிக்காரங்க கிட்டுக்கும் போட்டோவுக்கும் சீக்கிரம் காசு தருவாங்க, ஆள் சம்பளத்துக்கு யோசிப்பாங்க. தொண்டர் படி, ஓவர்டைம், குவாரன்டைன்ல இருக்கிற நாளுக்கான சம்பளம்னு பட்ஜெட்ல தனித்தனி வரியா எழுதுங்க, மொத்தமா நிர்வாகச் செலவுன்னு போட்டா அத குறைக்கத்தான் பாப்பாங்க. அரசாங்கப் பணம் லேட்டானா நடுவுல ரெண்டு வாரம் தாங்குற அளவுக்கு ஒரு கைமாத்து நிதி கேளுங்க. வார்டு காசு வந்ததும் அத அப்படியே திரும்ப அந்த நிதில போடணும்னு எழுதிக்கங்க, இல்லன்னா யாருக்கு ரெண்டு தடவ போச்சுன்னு பின்னாடி தலைய பிச்சுக்கணும்.

முதல் நாளே ஒரு லெட்டர்

வேலைக்கு வர்ற ஒவ்வொருத்தருக்கும், இன்னார் இந்தத் தேதில இருந்து இந்த ஏரியால தொற்று வேலைக்கு போட்டிருக்குன்னு லெட்டர்பேட்ல ரெண்டு வரி, கையெழுத்து, சீல். இதுக்கு காரணம் இருக்கு. 2020 மார்ச் 30ல இருந்து மத்திய அரசு சுகாதாரப் பணியாளர்களுக்கு 50 லட்சம் ரூபா இன்சூரன்ஸ் குடுத்துச்சு, காண்ட்ராக்ட் ஆளு, தினக்கூலி, ஆஷா சுகாதாரத் தொண்டருங்க எல்லாம் அதுல அடக்கம். ஆனா இறந்தவர் கோவிட் டியூட்டில இருந்தார்னு சர்டிபிகேட் கேப்பாங்க. கைல ஒரு பேப்பரும் இல்லாத குடும்பம் அப்ப எங்க போய் நிக்கும்.

நோய் அடங்கினதும் அலவன்ஸ் எந்தத் தேதியோட நிக்குதுன்னு ஒரு மாசம் முன்னாடியே சொல்லிடுங்க, திடீர்னு நிறுத்துனா அடுத்த தடவ யாரும் வர மாட்டாங்க. பாக்கிய முடிச்சுட்டு அதே லிஸ்ட வச்சு அனுபவச் சான்றிதழ் குடுங்க, அமைப்புசாரா தொழிலாளிங்களுக்கான மத்திய அரசு பதிவேடான இ-ஷ்ரம்ல பதிவு பண்ணி விடுங்க. காலைல இட்லி கூடை தூக்கிட்டு போற நம்ம ஆளுங்களுக்கு தெரு வியாபாரிங்களுக்கான மத்திய அரசோட ஸ்வநிதி கடன் இருக்கு, இப்ப முதல் தவணை 15,000 ரூபா, வியாபார சர்டிபிகேட் இல்லன்னாலும் மாநகராட்சியோட பரிந்துரை லெட்டர் வச்சு கேக்கலாம். அந்த லெட்டருக்கு ஒவ்வொருத்தரா அலையாம, முன்னாடி கூட்டத்துல உக்காந்த அதே ஆபீசர்கிட்ட மொத்தமா கொண்டு போங்க. ஆதார் ஜெராக்ஸ் எல்லாத்தையும் வேலை முடிஞ்சதும் அவங்கவங்க கைலயே திருப்பிக் குடுத்துடுங்க.

லிஸ்ட மட்டும் வச்சுக்கங்க. நாங்க வருஷா வருஷம் மே கடைசில, மழை பிடிச்சு டெங்கு, லெப்டோ (எலிக் காய்ச்சல்) ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, சங்க ரூம்ல ரெண்டு பேர் உக்காந்து எல்லா நம்பருக்கும் போன் போடுறோம். யாரு ஊருக்கு போய்ட்டாங்க, யாரு அக்கவுண்ட் மாத்திட்டாங்கன்னு குறிச்சுக்கிட்டு மறுபடியும் எல்லாருக்கும் ஒரு ரூபா அனுப்பிப் பாக்குறோம்.