கணுக்கால் முறிவுக்குக் கருவி செய்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

சமீபத்தில் ஓர் இளம் குழுவினர் தாங்கள் செய்த கிளாம்பை என்னிடம் காட்டினார்கள். கணுக்காலில் டிபியாவையும் (முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு) ஃபிபுலாவையும் (அதன் வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பு) சேர்த்துப் பிடித்து, ஸ்க்ரூ போட்டு முடிக்கும்வரை அசையாமல் வைத்திருக்கும் கருவி. வயிஸில் மாட்டிய பிளாஸ்டிக் எலும்பை ஒரே அழுத்தில் கச்சிதமாகப் பிடித்தது. அவர்கள் முகமெல்லாம் சந்தோஷம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான் முதலில் செய்த கிளாம்பும் அச்சு அசல் இதேதான்.

துருப்பிடிக்காத உலோகம் வேண்டும், கைப்பிடி வழுக்கக் கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நேர் குறுக்காகப் பிடிப்பது

கணுக்காலை முன்னாலிருந்து பார்த்தால் ஃபிபுலா டிபியாவுக்குப் பக்கத்தில் நிற்பதுபோல் இருக்கும். குறுக்கு வெட்டில் பார்த்தால்தான் விஷயம் புரியும். அது பக்கத்தில் மட்டுமல்ல, கொஞ்சம் பின்னாலும் தள்ளி, டிபியாவின் ஓரத்தில் உள்ள ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் கட்டி வைத்திருப்பவை சிண்டெஸ்மோசிஸ் லிகமென்ட்டுகள். அவை அறுந்தால் போடும் ஸ்க்ரூவை, பின்னாலிருந்து முன்னோக்கி 25 முதல் 30 டிகிரி சாய்த்துப் போடுவது இதனால்தான்.

இந்தச் சாய்வை முதல் சந்திப்பிலேயே எலும்பு மருத்துவர் சொன்னார். என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதியும் வைத்தேன். ஆனால் அது ஸ்க்ரூவுக்கான விஷயம், கிளாம்புக்கு இல்லை என்று நினைத்துவிட்டேன். இரண்டு முனைகளும் நேருக்கு நேர் வரும்படி வரைந்தேன். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

பிளாஸ்டிக் எலும்பு என் தவறைக் காட்டிக் கொடுக்கவில்லை. அதில் இரண்டு எலும்புகளும் ஒட்டியே வந்தன. எந்தப் பக்கம் இழுத்தாலும் ஃபிபுலா நகர வழியில்லை. எல்லாச் சோதனையிலும் வெற்றி என்று குறித்து, உற்பத்திக்கான அச்சுக்கும் பணம் கட்டிவிட்டோம். அப்புறம்தான் தானமாக வந்த உடலில் சோதித்தோம். மருத்துவர் லிகமென்ட்டுகளை அறுத்துவிட்டுக் கிளாம்பை இறுக்கினார். எக்ஸ்ரே அழகாக இருந்தது. சும்மா ஒரு சிடி ஸ்கேனும் (குறுக்கு வெட்டில் காட்டும் படம்) எடுத்துப் பார்க்கலாம் என்றார். ஃபிபுலா பள்ளத்தின் நடுவில் இல்லை, பின்னோக்கி நழுவியிருந்தது. அச்சு, மாதங்கள் எல்லாம் போயின.

எக்ஸ்ரேயில் ஏன் தெரியவில்லை? முன்பக்கப் படத்தில் எலும்பு முன்னும் பின்னும் நகர்வது பார்வைக் கோட்டின் திசையிலேயே நடக்கிறது. இடைவெளி மூடியிருக்கிறதா என்பதைத்தான் அந்தப் படம் காட்டும், எந்த இடத்தில் மூடியது என்பதைக் காட்டாது.

கொஞ்சம்தானே என்று சொல்லாதீர்கள். கணுக்கால் மூட்டில் இந்த இரண்டு எலும்புகளுக்கும் அடியில் உள்ள டாலஸ் எலும்பு வெளிப்பக்கம் 1 மி.மீ. நகர்ந்தாலே மூட்டின் தொடுபரப்பு சராசரியாக 42 சதவீதம் குறைகிறது என்று ராம்சேயும் ஹாமில்டனும் 1976இல் அளந்து காட்டினார்கள். அது டாலஸின் கணக்கு, ஃபிபுலாவின் கணக்கு அல்ல. ஆனால் இந்த மூட்டில் ஒரு மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு என்பது அதிலேயே தெரிகிறது. நடக்கும்போதெல்லாம் வலியோடு இருக்கப்போவது நோயாளி.

எனவே உள்பக்க முனை டிபியாவின் முன் மூன்றில் ஒரு பங்கில் உட்காரும்படி வடிவமையுங்கள். லிகமென்ட்டை அறுத்த எலும்பில் சோதியுங்கள். ஒவ்வொரு தடவையும் சிடி ஸ்கேன் எடுங்கள். பள்ளத்தின் ஆழம் ஆளுக்கு ஆள் மாறும், அதனால் அதே ஆளின் மறு கணுக்காலோடு ஒப்பிடுங்கள்.

தோலே இல்லாத மாதிரியை நம்புவது

உள்பக்க முனையை முன்னால் கொண்டுபோனதும் அடுத்த சிக்கல் வந்தது. உள் கணுக்காலுக்கு முன்னால்தான் பெரிய சஃபீனஸ் ரத்தக்குழாயும் அதே பெயர் கொண்ட நரம்பும் ஓடுகின்றன. முனை குத்திக்கொண்டு நேரே இறங்கக் கூடாது. சிறு கீறல் போட்டு, திசுவை விலக்கி, ஒரு பாதுகாப்புக் குழாய் வழியாக முனை எலும்பைத் தொட வேண்டும். முறிந்த கணுக்கால் வீங்கியும் இருக்கும். என் பழைய கிளாம்பின் கை வீங்கிய காலைச் சுற்றவே இல்லை.

இறுக்கம் கூடினால் நல்லது என்று நினைப்பது

இல்லை. வயதானவர்களின் மெலிந்த எலும்பில் முனை உள்ளே புதைந்துவிடும்.

சி-ஆர்ம் பார்க்கும் இடத்தில் உலோகம்

சி-ஆர்ம் என்பது அறுவை சிகிச்சையின்போதே எக்ஸ்ரே படம் காட்டும் கருவி. பாதத்தைச் சுமார் 15 டிகிரி உள்பக்கம் திருப்பி எடுக்கும் படத்தில் மூட்டைச் சுற்றிய இடைவெளி முழுவதும் தெரிய வேண்டும். கிளாம்பின் கை அங்கே குறுக்கே வந்தால் மருத்துவர் அதைக் கழற்றிவிட்டுப் படம் எடுப்பார், அதுவரை பிடித்து வைத்த எலும்பும் நழுவிவிடும். அந்தப் பகுதிக்கு எக்ஸ்ரேயை மறைக்காத கார்பன் ஃபைபர் அல்லது பீக் (PEEK) பிளாஸ்டிக் போதும்.

சுத்தம் செய்யும் பிரஷ் நுழையாத துளை

வரையாதீர்கள்.

ஆட்டோகிளேவை மறப்பது

கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 134 டிகிரி செல்சியஸ் நீராவி. சாதாரண 3டி பிரிண்ட் கைப்பிடி வளைந்துவிடும்.

மருத்துவரிடம் மட்டும் கேட்பது

தியேட்டரில் கருவியைப் பூட்டிக் கொடுப்பவர் நர்ஸ். இரண்டு கையுறை போட்டு, கையை நனைத்துக்கொண்டு, எந்த விளக்கமும் இல்லாமல் அவர் பூட்டட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். எங்கள் சாய்வுக் கிளாம்பில் இடது காலுக்கு ஒரு தாடை, வலதுக்கு ஒரு தாடை. எழுத்தைப் பொறித்திருந்தோம், ரத்தம் பட்டதும் படிக்க முடியவில்லை. இப்போது இடது தாடையில் ஒரு பள்ளம், வலது தாடையில் இரண்டு. கையுறை போட்ட விரலுக்கே தெரிந்துவிடுகிறது.