காய்கறித் தோலில் ஆக்டிவேட்டட் கார்பன் செய்வது எப்படி?

சாதாரணக் கரிக்கும், சாயம் போன்றவற்றை உறிஞ்சிப் பிடிக்கும் ஆக்டிவேட்டட் கார்பனுக்கும் வித்தியாசம் துளைகளில்தான். நன்றாக அமைந்த கரியின் ஒரு கிராமில் 500 சதுர மீட்டருக்கு மேல் உட்பரப்பு இருக்கும். இதை வீட்டு அடுப்படியில் செய்யாதீர்கள். புகைபோக்கி உள்ள ஆய்வகம், கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி மூன்றும் கட்டாயம்.

காய்கறிக் கழிவில் பெரும்பகுதி தண்ணீர். தோல், தண்டு, பட்டாணி ஓடு எல்லாவற்றையும் மண் போகக் கழுவி வெயிலில் வாட்டி, ஆய்வகத்தின் உலர்த்தும் அடுப்பில் 105 டிகிரி செல்சியஸில் காய வையுங்கள். கையில் ஒடித்தால் சட்டென்று முறிய வேண்டும்; வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அப்புறம் பொடித்துச் சலிக்கலாம்.

50 கிராம் பொடிக்கு 85 சதவீத பாஸ்பாரிக் அமிலம் 35 மி.லி. போதும். 150 மி.லி. தண்ணீரை முதலில் எடுத்து, அதில் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள், ஒருபோதும் மாற்றிச் செய்யாதீர்கள். பொடியைக் கலந்து ஓர் இரவு ஊறவிட்டு, 110 டிகிரியில் வற்ற வைத்தால் கறுத்த பிசின் மாதிரி ஆகிவிடும். பயப்பட வேண்டாம், அமிலம் தோலின் நார்ப்பொருளான செல்லுலோஸை வெட்டி வேலை செய்கிறது என்று அர்த்தம்.

மூசையில் (உலைச் சூட்டைத் தாங்கும் கிண்ணம்) போட்டு மூடி, மஃபிள் உலையில் (ஆய்வக மின்சூளை) 450 டிகிரியில் ஒரு மணி நேரம். மூடி சரியாக இல்லாவிட்டால் காற்றுப் பட்டு சாம்பல்தான் மிஞ்சும். உலை நன்றாக ஆறிய பிறகே திறங்கள்.

அடுத்தது கழுவுதல். எல்லோரும் அவசரப்படும் இடம் இதுதான், முதல் தடவை நானும் மூன்று முறையோடு நிறுத்திவிட்டேன். கரிக்குள் அமிலத்திலிருந்து வந்த பாஸ்பேட் அடைத்துக்கொண்டிருந்த இடம்தான் பின்னால் துளையாகிறது. அது கரைந்து வெளியேறாவிட்டால் துளை அடைபட்டே கிடக்கும். சூடான வாலை நீரில் (காய்ச்சி வடித்த நீர்) கலக்கி, வடிகட்டி, அமிலத்தன்மை காட்டும் பிஎச் தாள் 6, 7 காட்டும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பத்து முறைகூட ஆகலாம். வடித்த அமில நீரைச் சுண்ணாம்பால் நடுநிலையாக்காமல் கொட்டாதீர்கள்.

கழுவிய கரியை 110 டிகிரியில் உலர்த்தி, சோதித்துப் பார்க்க இரண்டு குடுவைகளில் ஒரே அளவு மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயக் கரைசல் எடுங்கள். ஒன்றில் உங்கள் கரி, இன்னொன்றில் அதே எடை சாதாரணக் கரித்தூள். குலுக்கி, அரை மணி நேரம் கழித்து வடிகட்டிப் பாருங்கள்; துளைகள் திறந்திருந்தால் அவை சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் குடுவையில் நீலம் குறையவே இல்லையா? திரும்பக் கழுவுங்கள்.